தாத்தா போர்முனையில இருந்து போட்ட லெட்டரும் கூட வந்த மெடலும்: எப்படிப் படிக்கணும், எப்படிப் பாதுகாக்கணும், எங்க தேடணும் - முழுமையான வழிகாட்டி

நம்ம பக்கம் நெறைய வீட்டுல, குறிப்பா வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி, காஞ்சிபுரம் பக்கம், பரண் மேல ஒரு இரும்பு ட்ரங்க் பெட்டி இருக்கும். அதுக்குள்ள பழுப்பேறுன நாலஞ்சு லெட்டர், ரிப்பன் கிழிஞ்ச மெடல், பித்தளை ஷெல் (பீரங்கிக் குண்டோட கூடு) ஒண்ணு, இல்லன்னா ஜப்பான்காரன் அடிச்ச நோட்டு. கேட்டா "பெரிய தாத்தா பர்மா சண்டைக்குப் போனப்ப கொண்டாந்தது"ன்னு சொல்வாங்க, அதுக்கு மேல யாருக்கும் தெரியாது. ரெண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்துல இருந்தது கிட்டத்தட்ட 25 லட்சம் பேர், கட்டாயப்படுத்தி சேர்க்கல, தானா போய் சேர்ந்தவங்க. அதுல நம்ம ஆளுங்க ஏகப்பட்ட பேர், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாலம் கட்டற, கண்ணிவெடி எடுக்கற பொறியாளர் படை), மெட்ராஸ் ரெஜிமெண்ட் (காலாட்படை), லாரி ஓட்டுன ஆர்.ஐ.ஏ.எஸ்.சி (ராணுவ சப்ளைப் படை), பயனியர் கோர் (ரோடு, மண் வேலை பார்த்த படை), ஆஸ்பத்திரி வேலைன்னு எல்லா இடத்துலயும் இருந்தாங்க. ஆனா தமிழ்ல எழுதுன அவங்க லெட்டர்னு தேடிப் பார்த்தா வெளிய ரொம்பக் கம்மியாதான் கிடைக்குது, மிச்சம் இருக்கிறது எல்லாம் இந்த மாதிரி பெட்டிகள்லதான்.

அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். இதுல நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது ஒரே விஷயம்: லெட்டர், பொருள், அதைப் பத்தி வீட்டுல சொல்ற கதை, இந்த மூணையும் பிரிக்காதீங்க. சொத்துப் பிரிக்கும்போது மெடல் பெரியவர் வீட்டுக்கும் லெட்டர் சின்னவர் வீட்டுக்கும் போயிடுது, கதை பாட்டியோட போயிடுது. அப்புறம் மெடல் வெறும் உலோகம், லெட்டர் வெறும் காகிதம்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி

பெட்டில இருக்கிறது வெடிக்கக்கூடிய சாமானா இல்லையான்னு முதல்ல பாருங்க. உள்ள காலியா இருக்கிற பித்தளை ஷெல், பூ ஜாடி மாதிரி செதுக்குனது, இதெல்லாம் பரவால்ல. ஆனா முனையில கூர்மையா குண்டு இருக்கிற தோட்டா, கையெறி குண்டு மாதிரி உருண்டை, முனை மூடியிருக்கிற ஷெல், இதுல எது இருந்தாலும் கை வைக்காதீங்க, தட்டிப் பார்க்காதீங்க, போட்டோ எடுக்கக்கூட நகர்த்தாதீங்க. 80 வருஷம் ஆனதால வெடிமருந்து செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, சிலது பழசாக ஆக இன்னும் மோசமாகும். ரூமைப் பூட்டிட்டு 112க்கு போன் போடுங்க, போலீஸ் வெடிகுண்டு பிரிவைக் கூட்டிட்டு வருவாங்க. இன்னொன்னு, வெடிக்காத தோட்டாவை லைசென்ஸ் இல்லாம வீட்டுல வச்சிருக்கிறதே 1959 ஆயுதச் சட்டப்படி தப்பு, துப்பாக்கி இருந்தா கேக்கவே வேணாம். "தாத்தா ஞாபகமா வச்சிருக்கோம்"னு ஒளிச்சு வைக்காம நாமளே போய் சொல்லிடறதுதான் நல்லது.

அடுத்தது, சுத்தம் பண்ற ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க. நம்ம வீட்டுல பித்தளைன்னு பார்த்தாலே புளி போட்டுத் தேய்ப்போம், வெள்ளின்னா விபூதி, இல்லன்னா ப்ராசோ. மெடலுக்கு இது மூணுமே வேணாம். ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் மேல் தகடு கொஞ்சம் போகும், அதோட சேர்ந்து ஓரத்துல பொடியா வெட்டியிருக்கிற பேரும் நம்பரும் போயிடும், அந்த ஒரு வரிதான் இவர் யாருன்னு நமக்கு சொல்லப் போற வரி. ஆயுதபூஜைக்கு சந்தனம் குங்குமம் வைக்கிறவங்க மெடல் மேல வைக்காம பெட்டி மேல வைங்க. லெட்டரை லேமினேட் பண்ணக்கூடாது, செல்லோடேப் ஒட்டக்கூடாது, ஸ்டேப்ளர், குண்டூசி எதுவும் வேணாம். லேமினேஷன் பண்ணிட்டா திரும்ப எடுக்க முடியாது, அந்த சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காகிதத்தையே கெடுத்துடும்.

முதல் படி: கதையைப் பதிவு பண்ணுங்க

லெட்டர் இன்னும் பத்து வருஷம் கூட பெட்டிக்குள்ள தாங்கும், 85 வயசு பாட்டி தாங்குவாங்களான்னு சொல்ல முடியாது, அதனால ஸ்கேனுக்கு முன்னாடி இதுதான். போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி வச்சுட்டு பேச விடுங்க. "தாத்தா எந்த ரெஜிமெண்ட்"னு கேட்டா தெரியாதுன்னு முடிச்சுடுவாங்க, அப்படிக் கேக்காதீங்க. மணியார்டர் மாசாமாசம் யார் கொண்டாந்தாங்க, லெட்டரை வீட்டுல யார் படிச்சு சொன்னாங்க, லீவுல வந்தப்ப எந்த ஸ்டேஷன்ல இறங்குனாரு, என்ன கொண்டாந்தாரு, கை கால்ல தழும்பு இருந்துச்சா, ராத்திரியில எதுக்காவது பயந்து எழுந்திருப்பாரா, ரொட்டி சுடக் கத்துக்கிட்டு வந்தாரா, இந்தில திட்டுவாரா, இப்படிக் கேளுங்க. அப்பதான் "பெங்களூர்ல ட்ரெயினிங்"னு ஒரு வார்த்தை தானா வரும், அது வந்துட்டா மெட்ராஸ் சாப்பர்ஸா இருக்க நெறைய வாய்ப்பு, ஏன்னா அவங்க சென்டர் அல்சூர் ஏரி பக்கத்துல. "ஊட்டிப் பக்கம், வெலிங்டன்"னு வந்தா, 1947க்கு அப்புறமும் படையில இருந்தவர்னா, மெட்ராஸ் ரெஜிமெண்ட் பக்கம் தேடலாம், அவங்க சென்டர் அங்க வந்தது அந்த வருஷம்தான்.

கேட்டதை எழுதும்போது யார் சொன்னாங்க, என்னைக்கு சொன்னாங்கன்னு போட்டு அவங்க வார்த்தையிலயே எழுதுங்க, நீங்க திருத்தாதீங்க. ரெண்டு அத்தை ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதுங்க. குடும்பக் கதைக்கு வளர்ற பழக்கம் உண்டு. மெட்ராஸ்ல நெறைய குடும்பத்துல ஏதாவது ஒரு இரும்புத் துண்டைக் காட்டி "இது எம்டன் போட்ட குண்டு"ன்னு சொல்வாங்க. எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல சுட்டது உண்மை, பர்மா ஆயில் கம்பெனி டேங்க் எரிஞ்சதும் உண்மை, ஆனா அந்தத் துண்டு அங்கிருந்துதான் வந்துச்சான்றது தனிக் கேள்வி. கதையை மதிங்க, ஆனா அதையே சாட்சியா எடுத்துக்காதீங்க.

ரெண்டாவது படி: லெட்டரைப் பிரிக்கிறது, படம் எடுக்கிறது

கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லா காய வச்சுட்டுத் தொடுங்க. காகிதத்துக்கு கிளவுஸ் தேவையில்ல, துணி கிளவுஸ் போட்டா விரல்ல உணர்ச்சி இல்லாம ஓரம் கிழியும். மெடலுக்கு மட்டும் நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, கை வேர்வையில இருக்கிற உப்பு உலோகத்தை அரிக்கும். மடிப்பு ஒட்டிப் போயிருந்தா இழுக்காதீங்க, ஆவி காட்டாதீங்க.

தண்ணி விஷயத்துல ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை. அந்தக் காலத்துல போர்முனையில பேனாவும் மையும் எங்க தூக்கிட்டுப் போறது, நெறைய பேர் எழுதுனது காப்பியிங் பென்சில்லதான், சிலர் நாக்குல தொட்டு எழுதுவாங்க. காய்ஞ்சு இருக்கும்போது சாதாரண பென்சில் எழுத்து மாதிரி சாம்பல் நிறமா இருக்கும், ஈரம் பட்ட இடம் மட்டும் பளிச்சுன்னு ஊதா ஆகிடும். குடியாத்தம் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல அப்படி ஒரு லெட்டர் பார்த்தேன், முதல் பக்கம் முழுக்க சாம்பல், கீழ மனைவி பேர் எழுதியிருந்த இடத்துல மட்டும் ஒரு ஊதாக் கறை, அது மழையா வேர்வையா வேற எதுவுமான்னு யாருக்கும் தெரியாது, அவங்க வீட்டுல கண்ணீர்னுதான் சொல்றாங்க. அதை சுத்தம் பண்றேன்னு ஒரு சொட்டு தண்ணி பட்டா எழுத்து மொத்தமும் ஊதாவா பரவி முடிஞ்சுடும்.

ஸ்கேனர் இருந்தா 600 டிபிஐ, கலர்ல, டிஃப் ஃபைலா வைங்க. இல்லன்னா போன் போதும், ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் இல்லாம. ரெண்டு பக்கமும், கவரோட ரெண்டு பக்கமும், எதுவும் எழுதாத வெத்துப் பக்கமும் சேர்த்து எடுங்க. எழுத்து மங்கிப் போயிருந்தா ரூமை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டுல இருந்து தாழ்வா அடிச்சுப் பாருங்க, பென்சில் அழுந்துன பள்ளம் நிழலா தெரியும், பாதி வார்த்தை அப்படியே வெளிய வரும்.

மூணாவது படி: லெட்டரைப் படிக்கிறது

இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, பொறுமையா பண்ணுங்க.

முதல்ல எழுத்து. 1978ல எழுத்துச் சீர்திருத்தம் வர்றதுக்கு முன்னாடி ணை, லை, ளை, னை எல்லாம் மேல துதிக்கை மாதிரி கொம்பு போட்டு எழுதுவாங்க, ணா, றா, னா எல்லாம் கீழ சுழிச்சு ஒரே எழுத்தா இருக்கும். இப்ப படிச்ச பசங்களுக்கு அது புரியாது, வீட்டுல 60 வயசு தாண்டினவங்களைப் பக்கத்துல உக்கார வைங்க. புள்ளி வைக்காம, நிறுத்தாம ஒரே ஓட்டமா எழுதியிருப்பாங்க. மேல பிள்ளையார் சுழி, இல்லன்னா சிலுவை, இல்லன்னா 786 இருக்கும். "இப்பவும் நான் இவ்விடம் சௌக்கியம், உன் சேமத்திற்கு எழுதவும்"னு ஆரம்பிக்கிறது எல்லா லெட்டர்லயும் வர்ற சடங்கு வரிதான், அதைத் தாண்டி வர்ற முதல் சொந்த வரியைத் தேடுங்க. மாடு கன்னு போட்டுச்சா, கடன்காரனுக்கு எவ்ளோ குடுத்த, பையன் பள்ளிக்கூடம் போறானா. மனுஷன் எங்க இருக்காருன்றதை விட மனசு எங்க இருந்துச்சுன்னு அங்கதான் தெரியும்.

தேதி பெரும்பாலும் தமிழ் வருஷத்துல இருக்கும். ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், ௳ன்னா நாள், ௹ன்னா ரூபாய். "சுபானு௵ மாசி௴"ன்னு இருந்தா 1944 பிப்ரவரி நடுவுல இருந்து மார்ச் நடு வரைக்கும். போர்க்கால வருஷங்களை இங்கயே குறிச்சுக்கோங்க: பிரமாதி 1939-40, விக்கிரம 1940-41, விஷு 1941-42, சித்திரபானு 1942-43, சுபானு 1943-44, தாரண 1944-45, பார்த்திப 1945-46. எல்லாம் சித்திரையில ஆரம்பிக்கும், தை மாசி பங்குனி எல்லாம் அடுத்த இங்கிலீஷ் வருஷத்துல விழும், இதுல நெறைய பேர் ஒரு வருஷம் தப்பா கணக்குப் போட்டுடறாங்க.

ஊர் பேர் இருக்காது. எந்த இடத்துல இருக்கோம்னு எழுதக்கூடாதுன்றது கண்டிப்பான ரூல், எழுதியிருந்தா சென்சார் மை போட்டு அடிச்சிருப்பாங்க, இல்ல பிளேடால வெட்டி எடுத்திருப்பாங்க. லெட்டர் நடுவுல சதுரமா ஓட்டை இருந்தா எலி கடிச்சதுன்னு நெனைக்காதீங்க, அங்க ஒரு ஊர் பேர் இருந்திருக்கு. ஆனாலும் ஆளுங்க கெட்டிக்காரங்க, "இங்க விடாம மழை, அட்டை கடி தாங்கல"ன்னு இருந்தா பர்மா, அசாம் எல்லைப் பக்கம்னு ஊகிக்கலாம், மண்ணும் ஈயும்னு புலம்பியிருந்தா எகிப்து, லிபியா பாலைவனம், பனி, திராட்சைத் தோட்டம்னா இத்தாலி. இது ஊகம்தான், உறுதி பண்ண கவரைத் திருப்புங்க.

கவர்ல ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரை இருக்கும், எஃப்.பி.ஓன்னு போட்டு ஒரு நம்பர். நம்பர் எந்தத் தேதியில எந்த இடத்துல இருந்துச்சுன்னு தபால் வரலாறு சேகரிக்கிறவங்க பட்டியலே போட்டு வச்சிருக்காங்க, தென்னிந்திய தபால்தலை சேகரிப்போர் சங்கத்துல கேட்டா விஷயம் தெரிஞ்சவங்களைக் காட்டுவாங்க. ஆனா ஸ்டாம்ப்பையோ முத்திரையையோ வெட்டித் தர்றேன்னு மட்டும் ஒத்துக்காதீங்க, கவர் முழுசா இருக்கணும். பச்சைக் கோடு போட்ட கவரா இருந்தா, அது "உள்ள குடும்ப விஷயம் மட்டும்தான்"னு சிப்பாய் சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டு அனுப்பறது, அதைத் தன்னோட யூனிட் ஆபீசர் முன்னாடி பிரிச்சுக் காட்ட வேண்டியதில்ல, அதனால உள்ள கொஞ்சம் மனசு விட்டு எழுதியிருப்பாங்க. உள்ளங்கை அளவு போட்டோ பேப்பர்ல லெட்டர் இருந்தா அது ஏர்கிராஃப், எழுதுனதை மைக்ரோஃபிலிம்ல படம் எடுத்து பிளேன்ல அனுப்பி இங்க பிரிண்ட் போட்டுக் குடுத்தது, ஒரிஜினல் அங்கயே நின்னுடும், உங்க கையில இருக்கிற பிரிண்ட்தான் எல்லாமே. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த லெட்டர்னா 56 ஏ.பி.ஓ, 99 ஏ.பி.ஓன்னு (ராணுவத் தபால் ஆபீஸ்) இருக்கும், முதலாவது டெல்லி வழியா, ரெண்டாவது கல்கத்தா வழியா போறது. 71 போர் லெட்டர் வச்சிருக்கிறவங்க இதைப் பாருங்க, கிழக்குப் பக்கமா மேற்குப் பக்கமான்னு ஒரு துப்பு கிடைக்கும்.

எழுத்து அவரோடதுதானான்னும் யோசிங்க. எழுதத் தெரியாத சிப்பாய், கூட இருந்தவரை விட்டு எழுத வைப்பாரு, அதனால ரெண்டு லெட்டர்ல ரெண்டு கையெழுத்து இருக்கலாம், அது போலி இல்ல.

நாலாவது படி: பொருள் என்ன சொல்லுது

மெடலை ஒரு மெத்துனு துணி மேல வச்சு, பூதக்கண்ணாடியால ஓரத்தை சுத்திப் பாருங்க. ரெண்டாம் உலகப்போர் மெடல்ல பிரிட்டிஷ்காரங்களுக்கு பேர் வெட்டாம குடுத்தாங்க, இந்திய சிப்பாய்களுக்குக் குடுத்ததுல பேர், நம்பர், யூனிட் பொறிச்சிருக்கும். வட்ட மெடல்னா விளிம்புல, ஆறு முனை ஸ்டார்னா பின்பக்கம். ஸ்டார் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, நடுவுல இருக்கிற வளையத்துல எழுதியிருக்கிறதைப் படிங்க. ரிப்பன் மிச்சம் இருந்தா இன்னும் ஈசி, பர்மா ஸ்டார்னா கருநீலத்துக்கு நடுவுல சிவப்பு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடு. இத்தாலி ஸ்டார்ல அந்த நாட்டுக் கொடி கலர். ஆப்பிரிக்கா ஸ்டார் மணல் நிறம். இந்தியா மேப் போட்ட வட்ட மெடல் இந்தியா சர்வீஸ் மெடல், இங்கயே வேலை பார்த்ததுக்குக் குடுத்தது, அது மட்டும் இருந்து பர்மா ஸ்டார் இல்லன்னா "தாத்தா பர்மாவுல சண்டை போட்டாரு"ன்ற கதையை மறுபடி கேட்டுப் பாருங்க. அதனால அவர் மதிப்பு குறையாது, லாரி ஓட்டுனவரும் பாலம் கட்டுனவரும் இல்லாம எந்தப் படையும் ஒரு அடி நகர்ந்திருக்காது.

பித்தளை ஷெல்லோட அடிப்பக்கம் பாருங்க, பீரங்கி அளவும் செஞ்ச வருஷமும் அச்சு போட்டிருக்கும். வருஷம் 1943ன்னு இருந்து கதை 1941ல நடந்ததுன்னா எங்கயோ இடிக்குது. ஜப்பான் நோட்டுன்னா முன்னாடி இருக்கிற எழுத்தைப் பாருங்க, பர்மாவுக்கு அடிச்சது இங்கிலீஷ் பி எழுத்துல ஆரம்பிக்கும், மலேயாவுக்கு எம். வாழைமரம் போட்ட 10 டாலர் நோட்டு மலேயாவோடது. அதுல விலை ஒண்ணும் பெருசா இல்ல, அப்ப லட்சக்கணக்குல அடிச்சுத் தள்ளுனது, ஆனா தாத்தா எந்தப் பக்கம் போனாருன்னு காட்டும்.

ஒரு விஷயம் தனியா சொல்லணும். சில வீட்டுல வெள்ளைத் துணியில சிவப்பு வட்டம், சுத்தியும் மையில ஏதோ கட்டம் கட்டமா எழுத்துன்னு ஒரு கொடி இருக்கும். அது ஜப்பான் சிப்பாய் வீட்டை விட்டுக் கிளம்பும்போது சொந்தக்காரங்க, ஊர்க்காரங்க எல்லாம் பேர் எழுதி வாழ்த்திக் குடுத்தது, மடிச்சு உடம்போட வச்சிருப்பாரு. அது நம்ம கையில இருக்குன்னா அவர் பெரும்பாலும் வீடு திரும்பல. நம்ம தாத்தா லெட்டர் நமக்கு எப்படியோ அப்படித்தான் அந்தக் கொடி அங்க ஒரு குடும்பத்துக்கு, பல பேருக்கு எலும்பு கூட கிடைக்கல. அமெரிக்காவுல ஒரிகன் மாநிலத்துல இருக்கிற ஓபான் சொசைட்டி அந்தப் பேரை எல்லாம் படிச்சு குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிச்சு திருப்பிக் குடுக்கறாங்க. நல்லா படம் எடுத்து வச்சுக்கிட்டு, கொடியைத் திருப்பிக் குடுக்கறதுதான் சரின்னு நான் நெனைக்கிறேன். விக்கவே விக்காதீங்க.

அஞ்சாவது படி: வெளிய தேடறது

இறந்துபோனவர்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல ஆரம்பிங்க, ரெண்டு உலகப்போருக்கும் இலவசமா தேடலாம். பேரை ஒரே மாதிரி அடிச்சு விட்டுட்டு "இல்ல"ன்னு முடிவு பண்ணாதீங்க. முனுசாமியை முனிசாமி, முனிஸ்வாமி, மூனூசாமின்னு கிளார்க் காதுல விழுந்தபடி எழுதியிருப்பாங்க. சர்வீஸ் நம்பர் தெரிஞ்சா அதுதான் நம்பகமான வழி. "இன்னாரோட மகன், இன்ன ஊர், வட ஆற்காடு"ன்னு சில பதிவுல இருக்கும், அதனால பழைய ஜில்லா பேரை வச்சுப் பாருங்க, அப்ப திருவண்ணாமலையே வட ஆற்காடுதான்.

ஒரு உதாரணம். மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன், 11வது ஃபீல்டு பார்க் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்னைக்கு இத்தாலியில மிக்னானோ பக்கத்துல கண்ணிவெடி எடுத்துக்கிட்டு இருந்தப்ப ஒண்ணு மிதிபட்டுடுச்சு, வெடிக்க சில செகண்டுதான், கூட இருந்தவங்களைக் காப்பாத்த அது மேலயே விழுந்தாரு. அதுக்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ்ன்ற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. அவர் பேரையே சுப்ரமணியன், சுப்ரமணியம், சுப்ரமண்யன்னு இடத்துக்கு இடம் வேற வேற மாதிரி எழுதியிருக்காங்க, அப்ப சாதாரண சிப்பாய் பேர் எப்படி இருக்கும்னு பார்த்துக்கோங்க.

கல்லறை இல்லன்னாலும் பேர் இருக்கலாம். தகனம் பண்ணவங்க, உடல் கிடைக்காதவங்க பேர் எல்லாம் நினைவுச் சுவர்ல இருக்கும், பர்மாவுக்கு டாக்கியான்ல இருக்கிற ரங்கூன் மெமோரியல், அதுல கிட்டத்தட்ட 27,000 பேர். மலேயா, சிங்கப்பூருக்கு கிராஞ்சி. முதல் உலகப்போர்ல பிரான்ஸ் போனவங்களுக்கு நவ் ஷப்பல், மெசபடோமியா (இப்ப இராக்) போனவங்களுக்கு பாஸ்ரா, ஆனா பாஸ்ரா சுவர்ல சாதாரண இந்திய சிப்பாய்கள் பேர் இல்ல, ஆணையத்தோட பதிவுலதான் தேடணும்.

உயிரோட திரும்புனவர்னா டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்க, பென்ஷன் வாங்கியிருந்தா பி.பி.ஓ (பென்ஷன் உத்தரவு) பேப்பர், அது ரெண்டும் இல்லன்னா மணியார்டர் கூப்பன், அதுலயாவது நம்பர் இருக்கும். நம்பர் கையில வந்ததும் அந்த ரெஜிமெண்ட்டோட ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுங்க, சாப்பர்ஸ்னா பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா வெலிங்டன். வாரிசுன்னு காட்டற சான்று, நம்பர், பேர், ஊர், சேர்ந்த வருஷம் எல்லாம் ஒரே பக்கத்துல தெளிவா எழுதி, மெடலோட படமும் வைங்க. பல பழைய ஃபைலை காலக்கெடு முடிஞ்சதும் அழிச்சிருப்பாங்க, அதனால "இல்ல"ன்னு பதில் வந்தா அவர் ராணுவத்துலயே இல்லன்னு அர்த்தம் கிடையாது. எப்படி விண்ணப்பிக்கிறதுன்னு உங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேட்டா வழி சொல்வாங்க.

ஆறாவது படி: வைக்கிறது

லெட்டரை விரிச்சு, ஆசிட் இல்லாத பேப்பர் ஃபோல்டர்ல வைங்க. வாசனை அடிக்கிற பிவிசி கவர், ஒட்டுற போட்டோ ஆல்பம் ரெண்டும் வேணாம். பரண் வேணாம், கோடையில அங்க கொதிக்கும். பூஜை ரூமும் வேணாம், கற்பூரப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். படுக்கை ரூம் பீரோவோட நடுத்தட்டு நல்ல இடம். ராமபாணப் பூச்சியும் கரையானும்தான் நம்ம ஊர்ல முதல் எதிரி, மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து பாருங்க. காஞ்ச வேப்பிலையைத் துணியில முடிஞ்சு பெட்டி ஓரத்துல போடலாம், லெட்டர் மேல படக்கூடாது. மெடலை லெட்டரோட ஒரே கவர்ல போடாதீங்க, தனி டப்பா, சிலிக்கா ஜெல், ஆனா ஒரே பெட்டி. பச்சையா பவுடர் மாதிரி பொங்கிக்கிட்டே இருந்தா அது சாதாரண களிம்பு இல்ல, உலோகம் உள்ளருந்து அரிக்குது, எழும்பூர் மியூசியத்துல பழம்பொருள் பாதுகாப்புக்குன்னே வேதியியல் ஆய்வகம் இருக்கு, அவங்ககிட்ட யோசனை கேளுங்க. லெட்டர் உடைஞ்சு நொறுங்குற நிலைமைன்னா தரமணியில ரோஜா முத்தையா நூலகத்துல கேட்டுப் பாருங்க.

சுவத்துல மாட்டணும்னா கலர் பிரிண்ட் எடுத்து மாட்டுங்க, மாலை போடுங்க. ஒரிஜினல் இருட்டுலயே இருக்கட்டும்.

பெட்டிக்குள்ள ஒரு தாள் போடுங்க: இது யாரோடது, எந்த லெட்டர் எந்தப் பொருளோட சேர்ந்தது, கதையை யார் சொன்னாங்க, எது உறுதியாச்சு, எது இன்னும் கதையாவே இருக்கு. டைப் பண்ண பிரதியும் ஸ்கேனும் ஆடியோவும் எல்லா பங்காளி வீட்டுக்கும் ஒரு பென்டிரைவ்ல குடுத்துடுங்க, அப்ப ஒரிஜினல் யார்கிட்ட இருக்குன்ற சண்டை பாதி குறையும். வீட்டுல யாருக்கும் அக்கறை இல்ல, விட்டா எடைக்குப் போட்டுடுவாங்கன்னு தோணுச்சுன்னா பெங்களூர்ல மெட்ராஸ் சாப்பர்ஸ் மியூசியம், வெலிங்டன்ல ரெஜிமெண்ட் மியூசியம், இவங்ககிட்ட முதல்ல படம் அனுப்பிப் பேசுங்க. குடுக்கிறதா முடிவானா மெடலை மட்டும் குடுக்காம லெட்டர், ஆடியோ, அந்தத் தாள் எல்லாம் சேர்த்துக் குடுங்க, என்னென்ன குடுத்தீங்கன்னு பட்டியல் போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க, பேரப்பசங்க வந்து கேட்டா காட்டணும்னு அதுலயே எழுதி வாங்கிடுங்க.